விலை உயர்ந்த டிவி ரெக்கார்டர்: கொடுக்கிற காசு எங்கே போகிறது?

ஜப்பானில் எந்தப் பெரிய மின்சாதனக் கடைக்குப் போனாலும், டிவிகள் இருக்கும் தளத்திலேயே கறுப்புப் பெட்டிகள் அடுக்கிய அலமாரி ஒன்றைப் பார்க்கலாம். எல்லாம் ப்ளூ-ரே ரெக்கார்டர்கள். டிவியில் வருவதை உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கில் பதிந்து வைத்துக்கொள்ளும். கேட்டால் ப்ளூ-ரே வட்டில் நகலும் எடுத்துக் கொடுக்கும். அடிமட்டத்தில் 50,000 யென் சுமாருக்கு ஒன்று கிடைக்கும். நடுத்தரத்தில் ஒரு லட்சம் யென் அளவில் சில. உச்சத்தில் மூன்று லட்சம் யென்னைத் தாண்டியும் ஒன்று வந்தது. 2022 ஜனவரியில் பானசோனிக் வெளியிட்ட டிஎம்ஆர்-இசட்ஆர்1 தான் அது. 6 டெராபைட் ஹார்டு டிஸ்க், சேனலைப் பிடிக்கும் 4கே ட்யூனர்கள் மூன்று, 13 கிலோவுக்கு மேல் எடை. தூக்கி வைக்கவே இரண்டு கையும் வேண்டும்.

இந்த மூன்று ரகங்களும் செய்வது ஒரே வேலைதான். அப்புறம் எதற்கு ஆறு மடங்கு விலை? கொடுத்தால் தகுமா? இதற்குப் பதில் சொல்ல, ரெக்கார்டருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில், இந்தக் காலத்தில் யார் டிவியைப் பதிகிறார்கள் என்ற சந்தேகம் வரும். நம்மூரில் ஒரு தொடரைத் தவறவிட்டால் மறுஒளிபரப்பு இருக்கும், இல்லையென்றால் ஏதாவது ஒரு செயலியில் கிடைத்துவிடும். ஜப்பானில் ஒளிபரப்பின் பழக்கமே வேறு. நாடகத் தொடர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு பருவம் என்று ஓடும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அனிமே தொடர்களில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும். அங்கே நிகழ்ச்சி அட்டவணையில் ‘வெள்ளி 25:30’ என்று போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை இரவின் தொடர்ச்சியாக, சனி அதிகாலை 1:30 என்று பொருள். மறுநாள் வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்துக்கு விழித்திருக்க முடியாது. ரெக்கார்டருக்குச் சொல்லி வைத்துவிட்டுத் தூங்கப் போவார். 2015-இல் டீவர் என்ற இலவசச் சேவை வந்து, விட்டுப்போன நிகழ்ச்சிகளைக் கொஞ்ச நாள் இணையத்தில் பார்க்க வழி செய்தது. ஆனால் அதில் எல்லாமும் வராது, வந்ததும் நிற்காது. ஒரு பாடகரின் மேடைக் கச்சேரி செயற்கைக்கோள் சேனலில் ஒருமுறை வந்து, பிறகு வட்டாகவும் வெளிவராமல் போய்விடுவது உண்டு. அதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நாமே பதிந்தால்தான் உண்டு.

சரி, பதிவுக்கு வருவோம்.

வீடியோ கேசட் காலத்தில் விலைக்கும் தரத்துக்கும் நேரடி உறவு இருந்தது. வந்தது அனலாக் அலை. அதை நாடாவில் எழுதுகிற ஹெட் எவ்வளவு நல்லது, நாடா எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதெல்லாம் படத்தில் அப்படியே தெரியும். 1987-இல் வந்த எஸ்-விஎச்எஸ் சாதாரண விஎச்எஸ்ஸை விட நுணுக்கமாகப் பதிந்தது. அதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. காசு கொடுத்தவருக்குப் பலன் திரையில் கிடைத்தது. ‘விலை கூடினால் பதிவு நன்றாக வரும்’ என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் உருவானது. இன்றும் பலரிடம் அது அப்படியே இருக்கிறது.

டிஜிட்டல் ஒளிபரப்பு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஜப்பானில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2003 டிசம்பர் 1 அன்று டோக்கியோ, ஒசாகா, நகோயா வட்டாரங்களில் தொடங்கியது. 2011 ஜூலை 24-இல், நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்கள் நீங்கலாக, அனலாக் நின்றது. இப்போது வானில் வருவது ஏற்கெனவே சுருக்கிய எண்களின் ஓட்டம். தரைவழி எச்டியில் வினாடிக்குச் சுமார் 17 மெகாபிட். பிஎஸ் எனப்படும் செயற்கைக்கோள் எச்டியில் 24 வரை. 2018 டிசம்பரில் தொடங்கிய பிஎஸ் 4கே ஒளிபரப்பில் சுமார் 33. தரைவழி, பிஎஸ் எச்டி இரண்டிலும் இந்த ஓட்டம் 188 பைட் கொண்ட சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தோடும் திருத்தத்துக்கென்று 16 பைட் கூடுதலாக ஒட்டியிருக்கும். வழியில் எட்டு பைட் வரை கெட்டுப்போனாலும், அந்தப் பதினாறை வைத்துக் கணக்குப் போட்டு மூல எண்களைத் துல்லியமாக மீட்டுவிடலாம். ‘கிட்டத்தட்ட’ மீட்பதல்ல, ஒரு பிட் பிசகாமல் மீட்பது.

ரெக்கார்டரில் டிஆர் என்றொரு பதிவு முறை உண்டு. வந்த ஓட்டத்தில் கை வைக்காமல் அப்படியே ஹார்டு டிஸ்கில் எழுதும் முறை அது. வந்த பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பது போல. தகர அலமாரியில் வைத்தாலும் தேக்கு அலமாரியில் வைத்தாலும் உள்ளே இருப்பது அதேதான். 50,000 யென் பெட்டியும் மூன்று லட்சம் யென் பெட்டியும் டிஆர் முறையில் ஒரே நிகழ்ச்சியைப் பதிந்தால், இரண்டிலும் இருக்கும் படத் தரவில் வித்தியாசம் இராது. உச்ச ரகப் பெட்டியில் பதிந்தால் கறுப்பு இன்னும் ஆழமாக வருகிறது என்று சில ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். அவர்கள் கண்டது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது பதிவில் வந்த வித்தியாசம் அல்ல. அதே பெட்டியில் போட்டுப் பார்க்கும்போது வருவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

திருத்த முடியாத அளவு சிக்னல் கெட்டால் மட்டும் கதை வேறு. புயல் மழையில் பிஎஸ் படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் விலையுயர்ந்த பெட்டியும் உடைந்த படத்தைத்தான் பதியும். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால், காசைக் கொண்டுபோய்ப் போட வேண்டிய இடம் கூரை மேல் இருக்கிறது: ஆன்டெனாவின் திசை, கேபிள், இணைப்புகள்.

டிஆரில் ஒரு சிக்கல் உண்டு: இடம். 24 மெகாபிட் ஓட்டத்தை ஒரு மணி நேரம் பதிந்தால் 10.8 ஜிபி ஆகும். 25 ஜிபி ப்ளூ-ரே வட்டில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும். அதனால் எல்லா ரெக்கார்டர்களிலும் சுருக்கிப் பதியும் முறைகளும் இருக்கின்றன. பிரித்து, வேறு கோடெக்கில், அதாவது வேறொரு சுருக்கும் முறையில், மறுபடி சுருக்கி, நான்கு மடங்கோ எட்டு மடங்கோ நேரத்தை நீட்டுவார்கள். இங்கே மட்டும் பதிவிலேயே பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் வரும், ஏனென்றால் சுருக்குகிற சிப்பின் சாமர்த்தியம் படத்தில் தெரியும். சோதித்துப் பார்க்க நல்ல இடம், கச்சேரியின் கடைசிப் பாட்டில் மேலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொட்டுவார்களே, அந்தக் காட்சி. ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனித் திசையில் சுழலும். அடுத்த சட்டகத்தை முந்தைய சட்டகத்திலிருந்து ஊகித்துத்தான் சுருக்கம் வேலை செய்கிறது. இங்கே ஊகிக்க எதுவுமில்லை. சிப்பு திணறினால் பாடகரின் முகம் கூடச் சதுரம் சதுரமாகக் கலைந்துவிடும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சியில் எட்டு மடங்கு சுருக்கினாலும் சாதாரண டிவியில் பெரிதாகக் குறை தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே ஆண்டு வரிசையில் நடுத்தரத்துக்கும் உச்சத்துக்கும் முதன்மைச் சிப்பு ஒன்றாகவே இருப்பது சாதாரணம். சிப்புக்காக மட்டும் உச்சத்துக்குப் போகத் தேவையில்லை.

ட்யூனரும் ஹார்டு டிஸ்கும்தான் விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படும். ட்யூனர் எத்தனை இருக்கிறதோ அத்தனை சேனலை ஒரே நேரத்தில் பதியலாம். இரண்டு இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். புதுப் பருவம் தொடங்குகிற வாரங்களில் மூன்று இருந்தால் சண்டை வராது. டோக்கியோவின் முக்கியத் தரைவழிச் சேனல்கள் அனைத்தையும் சேர்த்து, கேட்காமலேயே தொடர்ந்து பதிந்து வைக்கிற ‘முழுத் தானியங்கி’ ரகமும் உண்டு. போன வாரம் யாரோ பேசிய நிகழ்ச்சியை இன்று தேடிப் பார்க்கலாம். இதன் முன்னோடிகளில் ஒன்று 2009-இல் தோஷிபா விற்ற செல் ரெக்சா டிவி. அதன் விலை பத்து லட்சம் யென் அளவில் இருந்தது. இன்று அதே வசதிக்கு அந்த விலை கிடையாது. ஹார்டு டிஸ்க் கணக்கு எளிது: தரைவழி நிகழ்ச்சிகளை டிஆரில் பதிந்தால் 2 டெராபைட்டில் சுமார் 250 மணி நேரம் கொள்ளும். 4கேயில் 6 டெராபைட் என்றால் 400 மணி நேரத்தை ஒட்டி. பல மாடல்களில் வெளியே யுஎஸ்பி ஹார்டு டிஸ்கும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே உள்ளே 6 டெராபைட் இருக்கிறது என்பதற்காக லட்சக்கணக்கில் கொடுப்பது வீண்.

அப்படியானால் மிச்சக் காசு எங்கே? பெரும்பகுதி பதிந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டும் பாதையில் இருக்கிறது.

தரைவழி எச்டி ஒளிபரப்பு 1440-க்கு 1080 புள்ளிகள் கொண்டது, அதுவும் இன்டர்லேஸ். ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று வினாடிக்கு 60 அரைப்படங்களாக வரும். உங்கள் 4கே டிவிக்கு வேண்டியது 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட முழுப் படம். அரைப்படங்களைத் தைத்து முழுதாக்க வேண்டும், பிறகு பெரிதாக்க வேண்டும். பெரும்பாலான அனிமே வினாடிக்கு 24 படங்களாகத் தயாராகிறது. ஒளிபரப்பில் அந்த 24-ஐ 60-க்குள் பொருத்த, ஒரு படத்தை இரண்டு அரைப்படமாகவும் அடுத்ததை மூன்றாகவும் மாற்றி மாற்றி வைப்பார்கள். நல்ல பிராசசர் இந்த இரண்டு-மூன்று தாளத்தைக் கண்டுபிடித்து மூலமான 24 படங்களைத் திரும்ப எடுக்கும். அப்போது கோடுகள் கத்தி போல நிற்கும். சுமாரான பிராசசர், காட்சியின் மேல் நிலநடுக்கச் செய்தி எழுத்துகள் ஓடினால் போதும், தாளத்தைத் தவறவிடும். சாய்ந்த கோடுகளின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிசிறும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதுதான் கண்ணில் படும், அது வேறு தொல்லை.

நிறமும் அப்படித்தான். ஒளிபரப்பில் வெளிச்சத் தகவல் ஒவ்வொரு புள்ளிக்கும் உண்டு. நிறத் தகவல் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். இல்லாத மூன்றைப் பெட்டி ஊகித்து நிரப்ப வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு விளக்கு, சிவப்பு உடையின் விளிம்பு போன்ற இடங்களில் அந்த ஊகத்தின் தரம் தெரியும். உச்ச ரகப் பெட்டிகளில் இதற்கென்று கூடுதல் உழைப்பு இருக்கிறது. இரைச்சல் குறைந்த மின்வழங்கி, அதிர்வைத் தாங்கும் கனமான அடித்தகடு, படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியாக எச்டிஎம்ஐ வாய் என்று இன்னும் சில. இசட்ஆர்1-இல் அந்த எடை வந்தது இப்படித்தான். ஒலியைத் தனி வாய் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பி, பெரிய ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அது உண்மையிலேயே உதவும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழும். இதே தையல், பெரிதாக்கல் வேலைகள் எல்லாம் உங்கள் டிவியிலும் இருக்கின்றனவே? உங்களிடம் நல்ல டிவி இருந்தால், மலிவான ரெக்கார்டர் கொடுக்கும் படத்தை அது தானே செப்பனிட்டுக்கொள்ளும். விலையுயர்ந்த டிவியோடு விலையுயர்ந்த ரெக்கார்டரைச் சேர்த்தால் ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். முழுப் பலன் யாருக்குக் கிடைக்கும் என்றால், ப்ரொஜெக்டர் வைத்து நூறு அங்குலத்துக்கு மேல் திரையிடுபவர்களுக்கு. அதுவும் 4கே ப்ளூ-ரே வட்டுகளை நிறைய வாங்கி அதே பெட்டியில் பார்ப்பவர்களுக்கு. அவர்கள் எப்படியும் உயர்ரகப் ப்ளேயர் ஒன்று வாங்கியிருப்பார்கள். பானசோனிக்கின் உச்ச ரகப் ப்ளேயரான யுபி9000, 2018 கடைசியில் ஜப்பானில் வந்தபோது இரண்டு லட்சம் யென் அளவில் விற்றது. அந்த விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மூன்று லட்சத்தைத் தாண்டிய ரெக்கார்டர் அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. 50 அங்குல டிவியில் இரவுச் செய்தியும் நாடகமும் பார்ப்பவருக்கு இதில் எதுவுமே கண்ணுக்கு எட்டாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. ஜப்பானில் ஒளிபரப்பு பூட்டோடு வருகிறது. 2004 ஏப்ரல் முதல் ‘ஒரே நகல்’ விதி இருந்தது: ஹார்டு டிஸ்கில் பதிந்ததை வட்டுக்கு மாற்றினால், ஹார்டு டிஸ்கில் இருந்தது அழிந்துவிடும். நடுவில் மின்சாரம் போனால் இரண்டும் போச்சு. மக்கள் முணுமுணுத்தார்கள். 2008 ஜூலை 4 முதல் ‘டப்பிங் 10’ என்ற விதி வந்தது. ஒன்பது நகல் எடுக்கலாம். பத்தாவது தடவை மூலமே இடம் மாறிவிடும். இன்னும் எத்தனை மிச்சம் என்று பதிவுப் பட்டியலில் எண்ணாகவே காட்டும்.

பூட்டின் கடுமையான பகுதி வேறு. ஹார்டு டிஸ்கில் இருக்கும் பதிவுகள் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே திறக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை. பெட்டியின் முதன்மைப் பலகை பழுதாகிவிட்டால், ஹார்டு டிஸ்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்க்க முடியாது. டிவியில் நேரடியாக யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் மாட்டிப் பதிவதற்கும் இதே கதிதான். டிவியை மாற்றினால் பெரும்பாலும் பதிவுகளுக்கு விடை கொடுக்க வேண்டியதுதான். மூன்று லட்சம் கொடுத்தாலும் உள்ளே சுழல்வது தேய்ந்துபோகிற ஹார்டு டிஸ்க்தான். ஆகவே நான் ரெக்கார்டரை ஒரு கிடங்காகப் பார்க்க மாட்டேன். வைத்துக்கொள்ள விரும்புவது எதுவோ, அதை வட்டில் எழுதினால்தான் அது பெட்டியை விட அதிக நாள் வாழும்.

அந்த வட்டுக்கே இப்போது நேரம் சரியில்லை. பானசோனிக் 2023 பிப்ரவரியில் வெற்று ப்ளூ-ரே வட்டு உற்பத்தியை நிறுத்தியது; சோனி 2025 பிப்ரவரியில். வேறு பெயர்களில் இன்னும் கிடைக்கின்றன, நாளைக்கே தீர்ந்துவிடப் போவதில்லை. ஆனால் மூன்றடுக்கு 100 ஜிபி, நான்கடுக்கு 128 ஜிபி போன்ற பெரிய வட்டுகளை நம்பித் திட்டம் போடுபவர், பெட்டி வாங்கும் அன்றே வட்டு விலையையும் விசாரித்துவிடுவது நல்லது.

உச்ச விலை கொடுத்தவர்கள் மாட்டிக்கொண்டதற்கு இந்தத் துறையில் பெரிய உதாரணம் உண்டு. 2006 ஜூலையில் தோஷிபா ஆர்டி-ஏ1 என்று ஒன்றை வெளியிட்டது. ப்ளூ-ரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடி வட்டில் பதியும் உலகின் முதல் ரெக்கார்டர். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், அந்தக் காலத்துக்கு அது பிரம்மாண்டம். விலை 398,000 யென். கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாத பெட்டி என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். 2008 பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்டி டிவிடியையே கைவிட்டது. ப்ளூ-ரே வென்றது. இரண்டு ஆண்டு கூட முடியாத நிலையில், அந்தப் பெட்டியில் எழுதிய வட்டுகளை, கைவிடப்பட்ட எச்டி டிவிடி சாதனங்களைத் தவிர வேறு எதிலும் போட முடியாத நிலை வந்தது. பெட்டியின் தரம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

வென்ற பக்கத்திலும் முதலில் வாங்கியவர்கள் சுகப்படவில்லை. 2003 ஏப்ரலில் சோனி விற்ற முதல் ப்ளூ-ரே ரெக்கார்டர் பிடிஇசட்-எஸ்77-இன் விலை 450,000 யென். அதில் ஹார்டு டிஸ்கே இல்லை. 23 ஜிபி வட்டில் நேரடியாகப் பதிய வேண்டும். பின்னால் கடைகளில் வந்த ப்ளூ-ரே படங்களை அதில் பார்க்கவும் முடியாது. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வருகிற பெட்டி அதைவிட எத்தனையோ மடங்கு வேலை செய்கிறது.

சரி, எதை வாங்குவது? என் கணக்கைச் சொல்கிறேன். பார்த்துவிட்டு அழித்துவிடுபவர் என்றால், டிவியில் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் மாட்டினாலே வேலை முடிந்தது, ரெக்கார்டரே வேண்டாம். வட்டில் சேர்த்து வைக்கும் பழக்கம் இருந்து, 4கே ஒளிபரப்பு பார்க்காதவர் என்றால், இரண்டோ மூன்றோ ட்யூனர் உள்ள அடிமட்ட ரகம் போதும். முக்கியமானதை டிஆரில் பதியுங்கள், உச்ச ரகத்துக்கு நிகரான பதிவு இனாமாகக் கிடைக்கும். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் 4கே கச்சேரிகள், ஆவணப்படங்கள் வேண்டும் என்றால் ஒரு லட்சம் யென் ரகத்துக்குப் போகலாம். அதற்கு மேலே போவதற்குக் காரணம், நல்ல ப்ரொஜெக்டரோ ஆம்ப்ளிஃபயரோ ஏற்கெனவே வீட்டில் இருப்பது மட்டும்தான். அது இல்லாமல் ரெக்கார்டரிலிருந்து ஆரம்பிப்பது தலைகீழ் வரிசை. இரண்டு லட்சம் யென் மிச்சம் இருந்தால் முதலில் டிவியை மாற்றுங்கள், ஒளிபரப்பு, வட்டு, இணையம் எல்லாமே நன்றாகத் தெரியும்.

பழைய உச்ச ரகப் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். எச்டி ரகம் என்றால் ஒளிபரப்பின் பூட்டைத் திறக்கிற பி-காஸ் அட்டை கூடவே வருகிறதா? 4கே ரகங்களில் அது பெட்டிக்குள்ளேயே சிப்பாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை. வட்டு இயக்கி எழுதுகிறதா? படிப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லேசர் பலவீனமானால் முதலில் எழுதுவதில்தான் தகராறு செய்யும், அதுவும் அடுக்கு கூடிய வட்டுகளில். மூன்றாவது, அந்த மாடலின் உற்பத்தி எந்த ஆண்டு நின்றது? உதிரிபாகங்களை நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்குத்தான் வைத்திருக்கும். அந்தக் காலம் தாண்டியிருந்தால், பழுது பார்க்கும் செலவை விசாரிக்கவே இடமில்லை.